ஏ.பி. சுவிட்சைத் திறந்த பிறகு

வேலைக்குப் புதிதாக வரும் பையன்கள் டிரான்ஸ்ஃபார்மரைப் பார்த்ததும் மேலே இருக்கும் ஹெச்.டி., அதாவது உயர் அழுத்தப் பக்கத்துக்குத்தான் பயப்படுகிறார்கள். மண்டையோடு வரைந்து 11,000 வோல்ட் என்று எழுதிய பலகை தொங்குகிறது, அந்தப் பயம் நியாயம்தான். நான் அவர்களை முதலில் கீழ்ப்பக்கம் பார்க்கச் சொல்வேன். எல்.டி. (தாழ்வழுத்த) பியூஸ் செட், அங்கிருந்து தெருவுக்குப் போகும் கம்பி, அந்தக் கம்பியில் சர்வீஸ் எடுத்திருக்கும் வீடுகள், கடைகள், மண்டபங்கள். சப்ஸ்டேஷனில் ஃபீடரை (அங்கிருந்து டிரான்ஸ்ஃபார்மர்களுக்கு வரும் 11,000 வோல்ட் லைனை) நிறுத்தி, லைன் கிளியர் என்ற வேலை அனுமதியை வாங்கி, டிரான்ஸ்ஃபார்மரை லைனிலிருந்து பிரிக்கும் ஏ.பி. சுவிட்சைத் திறந்த பிறகும் அவற்றில் ஏதோ ஒன்றிலிருந்து கரன்ட் திரும்பி வரலாம். டிரான்ஸ்ஃபார்மருக்குள் நுழைந்து, பல ஆயிரம் வோல்ட்டாக ஏறி, நாம் கை வைக்கப்போகிற இடத்திலேயே நிற்கலாம்.

மின்வாரியத்தில் ஹெல்பராகச் சேர்ந்து போர்மேனாக ஓய்வு பெற்றவன் நான். எனக்குத் தெரிந்த விபத்துகளை யோசித்துப் பார்த்தால், அநேகமாக எல்லாவற்றிலும் "ஆஃப் பண்ணியாச்சு" என்று யாரோ யாரிடமோ சொல்லியிருக்கிறார்கள். சொன்னவர் பொய் சொல்லவில்லை. அவர் உண்மையிலேயே ஒரு சுவிட்சை ஆஃப் செய்திருப்பார். அந்த ஒரு சுவிட்சைத் தவிர கரன்ட் வர வேறு வழியே இல்லை என்று கேட்டவர் நினைத்துக்கொண்டார், அங்கேதான் உயிர் போனது.

1831 ஆகஸ்டில் மைக்கேல் ஃபாரடே ஒரு இரும்பு வளையத்தின் இரண்டு பக்கமும் கம்பியைச் சுற்றி, ஒரு பக்கம் பேட்டரியை இணைத்ததும் எடுத்ததும் மறுபக்கம் கரன்ட் துள்ளுவதைப் பார்த்தார். இன்று தெருமுனையில் நிற்கும் டிரான்ஸ்ஃபார்மரின் அடிப்படை அதேதான். அதில் எது உள்ளே போகும் பக்கம், எது வெளியே வரும் பக்கம் என்று இரும்புக்கும் செம்புக்கும் தெரியாது. எந்தப் பக்கம் வோல்டேஜ் கொடுத்தாலும் மறுபக்கம் சுற்றுகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப வோல்டேஜ் வரும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம் ஊர் விநியோக டிரான்ஸ்ஃபார்மரில் மேல்பக்கம் 11,000 வோல்ட், டெல்டா (மூன்று சுருளும் முக்கோணமாக இணைந்தது). கீழ்ப்பக்கம் பேஸுக்குப் பேஸ் 433 வோல்ட், ஸ்டார் (மூன்று சுருளும் ஒரு புள்ளியில் சேர்வது). அதாவது கீழே ஒரு பேஸின் சுருளில் இருப்பது 250 வோல்ட். 11,000-ஐ 250-ஆல் வகுத்தால் 44. இப்போது யாரோ ஒருவர் வீட்டு ஜெனரேட்டரை, மெயினை ஆஃப் செய்யாமல், வீட்டு ஒயரிங்கில் சொருகிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 230 வோல்ட் தெருக்கம்பி வழியாக டிரான்ஸ்ஃபார்மருக்கு வந்து சேர்கிறது. 230-ஐ 44-ஆல் பெருக்கினால் 10,120 வோல்ட்.

இதைச் சொன்னால், "அது குட்டி ஜெனரேட்டர்தானே சார், என்ன தாங்கும்?" என்று கேட்பார்கள். சரியான கேள்விதான். 2 கேவிஏ ஜெனரேட்டர் 10,000 வோல்ட்டில் எவ்வளவு கரன்ட் தரும்? காகிதக் கணக்குப்படி 200 மில்லிஆம்பியர். டிரான்ஸ்ஃபார்மர் தனக்கென்று கொஞ்சம் எடுத்துக்கொள்ளும், வோல்டேஜும் சரியும். மனிதனின் இதயத்தைத் தடுமாற வைக்க 100 மில்லிஆம்பியரே போதும். தெருவில் மற்ற வீடுகளின் லோடு எல்லாம் சேர்ந்து இழுத்தால் அந்த ஜெனரேட்டர் உடனே திணறி நின்றுவிடும் என்பதும் உண்மை. பெரும்பாலான நேரம் நம்மைக் காப்பாற்றுவது அதுதான். ஆனால் புயலில் தெருக்கம்பி அறுந்து மற்ற வீடுகள் துண்டாகிப்போனால், ஜெனரேட்டருக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கும் நடுவே லோடே இருக்காது. ஒயர்மேன் கம்பத்தில் ஏறுவது அந்த நாளில்தான்.

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. காவிரி டெல்டாவில் ஒரு லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் சாய்ந்தன. தென்னைகள் வரிசை வரிசையாகக் கம்பிமேல் விழுந்து கிடந்தன. வெளி மாவட்டங்களிலிருந்து ஆட்கள் போனோம், ஈரோட்டுப் பக்கத்திலிருந்து எங்கள் குழுவும் போனது. சேறு நிறைந்த வயலில் கம்பத்தைத் தோளில் சுமந்துபோய் நட்ட நாட்கள் அவை. ஊர் ஊராக வாடகை ஜெனரேட்டர்கள் ஓடிக்கொண்டிருந்தன. தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற, போன் சார்ஜ் போட, முகாம்களில் சமைக்க மக்களுக்கு வேறு வழியில்லை. அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும்.

ஒரு கிராமத்தில் டிரான்ஸ்ஃபார்மரின் மேல்பக்க ஜம்பர் (இணைப்புக் கம்பித் துண்டு) அறுந்திருந்தது. ஃபீடரே உயிரோடு இல்லை. ஏ.பி. சுவிட்ச் திறந்து பூட்டியிருந்தது. உள்ளூர் ஆட்கள் எல்.டி. பியூஸ் மூன்றையும் ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தார்கள். எங்கள் பையன் ஒருவன் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு கேட்டான்.

"எல்லாம் ஆஃப்ல இருக்குதுங்க சார். ஏறட்டுங்களா?"

"ராடு போட்டாச்சா?"

"லைனே கெடையாதுங்களே சார், கம்பமே கீழ கெடக்குது."

"கெடக்கட்டும். ராடு போட்டுட்டு ஏறு சாமி."

ராடு என்றால் கம்பியைத் தரையோடு இணைக்கும் எர்த் ராடு. அதன் கிளாம்ப்பை எர்த் பட்டையில் முறுக்கிவிட்டு, முதல் ராடை ஒரு பேஸில் தொட்டான். லேசாகச் சடசடத்தது, அவ்வளவுதான். கம்பியில் தேங்கியிருக்கும் மிச்சம் என்று யாரும் நினைத்திருப்பார்கள். இரண்டாவது ராடை அடுத்த பேஸில் வைத்ததும் நீல வெளிச்சம் பளிச்சென்று வெட்டியது. அதே நொடியில் கொஞ்ச தூரத்தில் சீராக ஓடிக்கொண்டிருந்த ஒரு ஜெனரேட்டரின் சத்தம் கனத்து, இழுத்து, அடங்கியது. எங்களில் ஒருவரும் பேசவில்லை. அந்தச் சத்தம் இருந்த திசையை மட்டும் பார்த்தோம்.

அது ஒரு கல்யாண மண்டபம், அப்போது நிவாரண முகாம். பெரிய சர்வீஸ் என்பதால் அதற்கு டிரான்ஸ்ஃபார்மரின் எல்.டி. முனையிலிருந்தே தனிக் கேபிள் போயிருந்தது. எடுத்து வைத்த மூன்று பியூஸுக்கும் அந்தக் கேபிளுக்கும் சம்பந்தமே இல்லை. வாடகை ஜெனரேட்டரை யாரோ அவசரத்தில் நேராக மண்டபத்தின் போர்டில் கட்டியிருந்தார்கள். உள்ளே நூற்றுக்கணக்கான பேருக்குச் சமையல் நடந்துகொண்டிருந்தது. அவர்களைத் திட்ட மனம் வரவில்லை. கேபிளை முனையிலேயே கழற்றி, ஒரு ஆளை ஜெனரேட்டர் பக்கத்தில் நிறுத்திவிட்டு வேலையைத் தொடர்ந்தோம்.

முதல் ராடு ஏன் வெறுமனே சடசடத்தது என்பதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை. மேல்பக்கம் டெல்டா என்பதால் அந்தச் சுருளுக்குத் தரையோடு நேரடித் தொடர்பு கிடையாது. கீழிருந்து திரும்பி வரும் கரன்ட் மேலே ஏறும்போது, ஒரு பேஸை மட்டும் எர்த் செய்தால் ஓடுவதற்கு முழு வட்டம் கிடைக்காது. இரண்டாவது பேஸும் எர்த்துக்கு வரும்போதுதான் வட்டம் முடிகிறது. ஒரே ஒரு கம்பியில் ராடைத் தொட்டுப் பார்த்துவிட்டு "செத்த லைன்" என்று முடிவு கட்டுகிறவர்களுக்கு இது தெரியாது. கம்பத்தில் இருக்கிறவர் ஒரு பேஸைப் பிடித்திருக்கும்போது இன்னொரு பேஸ் எங்கோ ஒரு தென்னை மட்டையிலோ ஈரத் தரையிலோ பட்டுக் கிடந்தால், அவர் உடம்பு வழியாக அந்த வட்டம் முடியும். அதனால்தான் மூன்று பேஸையும் ஒன்றோடொன்று சேர்த்து எர்த் செய்யச் சொல்கிறார்கள். இந்த வேலையை முழுதாகச் செய்ய இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கும்.

ராடு போடுவதிலும் வரிசை உண்டு. முதலில் எர்த் பக்கக் கிளாம்ப், பிறகுதான் கம்பி. கழற்றும்போது முதலில் கம்பி, கடைசியில் கிளாம்ப். மாற்றிச் செய்தால், லைனில் கரன்ட் இருக்கும்பட்சத்தில் கையில் தொங்கும் எர்த் ஒயரே 11,000 வோல்ட் ஒயராகிவிடும். கிளாம்ப் உட்காரும் இடத்தில் பெயின்ட்டோ துருவோ இருந்தால் சுரண்டிவிட்டு மாட்ட வேண்டும். எர்த் ஒயர் பாதி இழை அறுந்து, டேப் சுற்றி வைத்த ராடுகளை நான் செக்‌ஷன் ஆபீஸ்களில் பார்த்திருக்கிறேன். ராடு இருக்கிறதா என்று ரெஜிஸ்டரில் டிக் அடிக்கிறார்கள். அந்த ராடு ஒரு ஷார்ட் சர்க்யூட்டைத் தாங்குமா என்று யாராவது ஒயரைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும்.

வோல்டேஜ் டிடெக்டருக்கும் அப்படி ஒரு முறை இருக்கிறது. கரன்ட் இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்த இடத்தில் முதலில் வைத்துப் பார், பிறகு வேலை செய்யப்போகும் கம்பியில் வை, மறுபடியும் பழைய இடத்துக்குப் போய் வை. நடுவில் பேட்டரி தீர்ந்துபோன டிடெக்டரும் செத்த லைனும் ஒரே மாதிரி மௌனமாகத்தான் இருக்கும்.

ஏ.பி. சுவிட்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். கீழே கைப்பிடியை இறக்கினால் மேலே மூன்று பிளேடும் சேர்ந்து திறக்க வேண்டும். மழையும் வெயிலும் பட்டு, கிரீஸ் காணாத சுவிட்சில் இரண்டு திறந்து ஒன்று மாட்டிக்கொண்டு நிற்கும். கைப்பிடி முழுக்க இறங்கியிருக்கும், பூட்டும் தொங்கும். அண்ணாந்து மூன்று பிளேடையும் தனித்தனியாகக் கண்ணால் பார்க்காமல் யாரும் கம்பத்தில் கால் வைக்கக் கூடாது. ராத்திரி என்றால் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். மூன்றும் ஒழுங்காகத் திறந்தாலும், சுவிட்சுக்கு மேலே லைன் பக்கத்து முனைகளில் கரன்ட் அப்படியேதான் இருக்கும். ஃபீடரை நிறுத்தாமல் ஏ.பி. சுவிட்சை மட்டும் திறந்துவிட்டு மேல்பக்கத்து ஹெச்.ஜி. பியூஸ் கட்டப் போகிறவரின் தலைக்கு மேலே கை எட்டும் தூரத்தில் அது காத்திருக்கிறது. நனைந்த ஒரு கயிறு, கொஞ்சம் நீளமான ஒயர்த் துண்டு, நிமிர்ந்த ஒரு தலை, ஏதாவது ஒன்று போதும். டிரான்ஸ்ஃபார்மர் கம்பத்தில் ஏறுவதென்றால் ஃபீடருக்கு எல்.சி. (லைன் கிளியர்) வாங்கு என்பதுதான் என் கட்சி. ஐந்து நிமிட வேலைக்கு ஊரையே இருட்டாக்குவதா என்று மேலே இருந்து கேட்பார்கள். ஆமாம், ஆக்கத்தான் வேண்டும்.

எல்.சி. என்று வரும்போது ஒரு பழக்கத்தைக் கண்டித்தே ஆக வேண்டும். ஒரே ஃபீடரில் மூன்று இடத்தில் மூன்று குழு வேலை செய்யும். ஒருவர் எல்.சி. வாங்கியிருப்பார். மற்ற இருவரும் "அதான் லைன் ஆஃப்ல இருக்கே" என்று அந்த எல்.சி.யின் நிழலில் ஏறிவிடுவார்கள். முதல் ஆள் வேலையை முடித்து எல்.சி.யைத் திருப்பித் தருவார். சப்ஸ்டேஷன் ஆபரேட்டருக்குத் தெரிந்த எல்லோரும் இறங்கிவிட்டார்கள், அவர் ஃபீடரைப் போடுவார். அவர்மேல் என்ன தப்பு? ஏறுகிற ஒவ்வொரு குழுவுக்கும் தனி எல்.சி. வேண்டும், தன் கண்ணுக்கு முன்னால் தனி எர்த் வேண்டும். பக்கத்துக் குழு போட்ட எர்த்தை அவர்கள் எப்போது கழற்றுவார்கள் என்று உனக்குத் தெரியாது.

கைபேசி வந்த பிறகு இன்னொன்று சேர்ந்துகொண்டது. "ரோட்டுத் தெரு டிரான்ஸ்ஃபார்மர்" என்று ஒருவர் போனில் சொல்ல, கேட்பவர் வேறொன்றை நினைத்துக்கொள்வார். ஊரில் இரண்டு ரோட்டுத் தெரு இருக்கும், அல்லது ஒரே இடத்தில் இரண்டு ஃபீடர் குறுக்கே போகும். டிரான்ஸ்ஃபார்மரில் பெயின்ட்டில் எழுதியிருக்கும் எஸ்.எஸ். எண் என்ற அதன் அடையாள எண்ணையும் ஃபீடர் பெயரையும் சொல்லி, எதிர்முனையில் இருப்பவரை அதைத் திருப்பிச் சொல்ல வைக்க வேண்டும். எண் அழிந்துபோன டிரான்ஸ்ஃபார்மர்களுக்கு ஒரு டப்பா பெயின்ட் வாங்கி எழுதுவதைவிட மலிவான பாதுகாப்பு வேலை எதுவும் கிடையாது.

இதெல்லாம் ஏதோ என் சொந்தச் சட்டம் இல்லை. மத்திய மின்சார ஆணையத்தின் 2010 பாதுகாப்பு விதிகளிலேயே, கம்பியைத் தொடுமுன் எர்த் செய்தோ வேறு தகுந்த வழியிலோ அதில் உள்ள மின்னேற்றத்தை வெளியேற்ற வேண்டும், வேலை நடக்கும்போது தவறுதலாகச் சார்ஜ் ஆகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று இருக்கிறது. அந்த விதிகளுக்குப் பதிலாக 2023-ல் புதியவை வந்தன. விதி எழுதியவர்கள் சரியாகவே எழுதியிருக்கிறார்கள். ஆனால் தரையில் நடப்பது வேறு. ஆள் பற்றாக்குறையில் ஒரு ஒயர்மேன் மூன்று பேர் வேலையைப் பார்க்கிறார். பாதிப் பேர் ஒப்பந்த ஆட்கள், நாள்கூலி. ராத்திரி பத்து மணிக்கு ஊரே கம்பத்தைச் சுற்றி நின்று "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கேட்கிறது. அந்த நெருக்கடியில் முதலில் விடுபடுவது ராடு. அடுத்தது கையுறை.

கீழ்ப்பக்கத்தைச் சாதாரணமாக நினைப்பவர்களுக்கும் ஒரு கணக்கு. 100 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மரின் எல்.டி. பக்கம் முழு லோடில் 133 ஆம்பியர். உள்ளே கரன்ட்டைத் தடுக்கும் அதன் இம்பிடன்ஸ் 4.5 சதவீதம். எல்.டி. முனையில் ஒரு ஸ்பேனர் விழுந்து மூன்று பேஸும் சேர்ந்துகொண்டால், 133-ஐ 0.045-ஆல் வகுத்துக் கிடைக்கும் ஏறத்தாழ 3,000 ஆம்பியர் வரை பாயும். டிரான்ஸ்ஃபார்மருக்கும் எல்.டி. பியூஸுக்கும் இடையே உள்ள அந்தத் துண்டில் பாதுகாப்பு எதுவும் கிடையாது, மேலே ஹெச்.ஜி. பியூஸ் உருகினால்தான் உண்டு. அதுவரை எரியும் தீப்பிழம்பு முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும். ஷாக் அடிக்காமலே தீக்காயத்தில் போனவர்கள் உண்டு. லோடு ஓடிக்கொண்டிருக்கும்போது பியூஸ் கேரியரை இழுப்பவர்கள், சரியான பியூஸ் ஒயர் இல்லையென்று கையில் கிடைத்த அலுமினிய இழைகளை முறுக்கிக் கட்டுபவர்கள் எல்லோருக்கும் இந்த 3,000 ஆம்பியரைத்தான் சொல்வேன். தடித்த பியூஸ் அன்றைக்கு ஊர் வாயை அடைக்கும். அடுத்த முறை தெருவில் கம்பி அறுந்து விழும்போது அது உருகாது, கம்பி உயிரோடு தரையில் கிடக்கும்.

மீட்டருக்காகச் சில டிரான்ஸ்ஃபார்மர்களில் கரன்ட்டை அளக்க உதவும் சி.டி. மாட்டியிருப்பார்கள். லோடு ஓடும்போது அதன் சிறிய ஒயரைக் கழற்றித் திறந்துவிட்டால் அந்த முனையில் பெரிய வோல்டேஜ் ஏறும். முதலில் ஷார்ட் செய்துவிட்டுத்தான் மீட்டரைக் கழற்ற வேண்டும். டிரான்ஸ்ஃபார்மரையே இறக்கி மாற்றுவதானால், ஏறத்தாழ அரை டன் எடை செயின் பிளாக்கில் தொங்குகிறது. அதன் அடியில் யாரும் நிற்கக் கூடாது, எண்ணெய் கசிந்த கம்பத்தில் கால் வழுக்கும். இவை இரண்டும் தனிக் கட்டுரைக்கு உரியவை.

வீட்டில் ஜெனரேட்டரோ இன்வெர்ட்டரோ சோலாரோ வைத்திருப்பவர்களிடம் சொல்ல வேண்டியதும் இருக்கிறது. 2024-ல் பிரதமரின் சூர்ய கர் திட்டம் வந்த பிறகு கூரைச் சோலார் தெருவுக்குத் தெரு வந்துகொண்டிருக்கிறது. லைனோடு இணைந்து ஓடும் முறையான சோலார் இன்வெர்ட்டர், லைனில் கரன்ட் போனால் தானே நின்றுவிடும். கரன்ட் போனதும் சோலாரும் நின்றுவிட்டதே என்று சிலர் குறைபட்டுக்கொள்கிறார்கள். அது நிற்பது கம்பத்தில் இருக்கும் ஆளுக்காக. அந்த வசதியை ஏமாற்றி ஓட வைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வீட்டுக்குள் விடாதீர்கள்.

ஜெனரேட்டருக்குச் சேஞ்ச்-ஓவர் சுவிட்ச் கட்டாயம் வேண்டும். ஒரு பக்கம் லைன், இன்னொரு பக்கம் ஜெனரேட்டர், இரண்டும் ஒரே நேரத்தில் சேரவே முடியாதபடி இயந்திர அமைப்பு உள்ள சுவிட்ச். பேஸை மட்டும் மாற்றினால் போதாது, நியூட்ரலும் சேர்ந்து மாற வேண்டும். சிங்கிள் பேஸுக்கு இரண்டு துருவம், த்ரீ பேஸுக்கு நான்கு துருவம் என்று கடையில் கேளுங்கள். இரண்டு முனையிலும் ஆண் பின் வைத்த ஒயரைச் செய்து ஜெனரேட்டரிலிருந்து சுவர் பிளக்கில் சொருகுவதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். அந்த ஒயரை இன்றே வெட்டிப் போடுங்கள். மண்டபம், பெட்ரோல் பங்க், கிளினிக் நடத்துபவர்கள் வாடகை ஜெனரேட்டர் எடுக்கும்போது, எந்த முனையில் கட்டப்போகிறாய் என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டு, மெயின் திறந்திருப்பதைக் கூடவே நின்று பாருங்கள்.

கம்பி அறுந்து கிடந்தாலோ டிரான்ஸ்ஃபார்மரில் பொறி பறந்தாலோ கிட்டே போகாமல் மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணுக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது டிரான்ஸ்ஃபார்மரில் எழுதியிருக்கும் எஸ்.எஸ். எண் தூரத்திலிருந்தே தெரிந்தால் அதையும், உங்கள் தெருவில் யார் வீட்டில் ஜெனரேட்டர் ஓடுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வேலைக்கு வருகிறவர் அந்த வீட்டுக் கதவைத் தட்டி நிறுத்தச் சொல்லிவிட்டு, எர்த் ராடைப் போட்டுவிட்டு ஏறுவார்.